கிடைக்காத வேலைக்கு ஒரு ஸ்தோத்திரம்

நடக்காத ஒரு காரியத்துக்காகச் சபை நடுவே ஸ்தோத்திரக் காணிக்கை படைத்த ஆள், எனக்குத் தெரிந்து திருப்பூரில் நான் ஒருவன்தான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பெருமையாக இருந்திருந்தால் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருப்பேனா?

போன ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் புதிதாக அச்சடித்த ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பிறந்தநாள், திருமண நாள், புதுவீடு, வாகனம், தேர்வில் வெற்றி என்று வரிசையாகக் கட்டம் போட்டு, கடைசியில் 'இதர' என்று ஒன்று. நமக்கு எது வாய்த்ததோ அதில் ஒரு டிக் அடித்துப் பையில் போட்டுவிட வேண்டியது. யாரும் வாசிக்க மாட்டார்கள். நான் டிக் அடிக்காமல் கவரை மூக்கருகே கொண்டுபோனேன். ஒட்டுகிற பசை வாசனை. பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

பசை வாசனை என்றால் எனக்குப் பனியன் பெட்டிதான். அறுபதுகளின் கடைசியில், பெருமாநல்லூர் ரோட்டுக் கம்பெனி ஒன்றில் கட்டிங்கில் இருந்தேன். அப்போது பனியன் என்றால் வெள்ளைப் பனியன்தான். கலர் எல்லாம் சினிமா போஸ்டரில் பார்ப்பதோடு சரி. சலவைப் பட்டறையில் வெளுத்த துணி, ப்ளீச்சிங் பவுடர் நெடியோடு வந்து இறங்கும். அதை மேஜையில் அடுக்கடுக்காக விரித்து, மேலே அட்டையை வைத்துப் பென்சிலால் வரைந்து, முழங்கை நீளக் கத்திரியால் வெட்டுவோம். குளித்தாலும் அந்த நெடி போகாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கண்ணை மூடிக்கொண்டே யார் என்ன வேலை என்று சொல்லிவிடலாம். மெஷின் எண்ணெய் அடித்தால் தையல், பசை அடித்தால் பேக்கிங், பவுடர் அடித்தால் நான். ஊத்துக்குளியிலிருந்து ரயிலேறி வரும் ஒரு பெரியவர் மட்டும் வெண்ணெய் வாசனையோடு வந்து முன்வரிசையில் உட்காருவார். அவர் உள்ளே வந்தாலே எனக்குப் பசிக்கும். பிரசங்கத்தில் மனம் நிற்காததற்கு அவரும் ஒரு காரணம்.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் இருந்தது. நன்றி சொல்ல வேண்டியிருந்தால் ஒரு துண்டுத் தாளில் பேரையும் காரணத்தையும் எழுதி, சில்லறையை உள்ளே வைத்து மடித்துக் காணிக்கைத் தட்டில் போட வேண்டும். போதகர் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சத்தமாக வாசிப்பார். எழுதியிருப்பதில் ஓர் எழுத்தைக்கூட விடமாட்டார். 'எருமை நல்லபடியாகக் கன்று போட்டதற்காக.' 'தையல் ஊசி நகத்தோடு நின்றுபோனதற்காக.' ஒருமுறை, 'மைத்துனர் ஊருக்குத் திரும்பிப் போனதற்காக' என்று வந்தது. அன்றைக்கு ஆமென் கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

என் மனைவி எஸ்தர் இந்தத் துண்டுத் தாளில் கைதேர்ந்தவள். கொமரலிங்கத்துப் பெண். வாரம் தவறாமல் ஒன்று எழுதுவாள். 'காயப்போட்ட துணியை எடுத்த பிறகு மழை வந்ததற்காக.' 'பால் திரியாததற்காக.' போதகர் இவற்றை வேதவசனம் மாதிரி நிறுத்தி வாசிக்கும்போது நான் பாட்டுப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொள்வேன். ஆண்டவருக்கு வேறு வேலையில்லையா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அவரு செஞ்சாரு, நான் சொல்றேன். நடுவுல உங்களுக்கென்னங்க நோவுது?" என்றாள்.

எஸ்தர் வேறொரு கம்பெனியில் கைமடி வேலை பார்த்தாள். தைக்கிறவர் பக்கத்தில் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து, துணியின் ஓரத்தை மடித்து மடித்துக் கொடுக்கிற வேலை. எங்களுக்கு முதலில் உண்டானது ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போயிற்று. அதைப் பற்றி அவள் எந்தத் தாளிலும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாவது உண்டாகி ஆறு மாதம் ஆனபோது கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையாமல் போனது. வேலையை நிறுத்திக் காலை நீட்டி உட்காராவிட்டால் இதுவும் தங்காது என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். எஸ்தர் கேட்கவில்லை. ஒரு சம்பளத்தில் லைன் வீட்டு வாடகையும் கொடுத்துச் சோறும் தின்ன முடியாது என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "உங்களுக்கு மாஸ்டர் வேலை வரட்டுங்க. அடுத்த நாளே நின்னுக்கறேன்" என்றாள்.

எங்கள் கட்டிங் மாஸ்டர் அப்போதுதான் கல்கத்தாவுக்குப் போய்விட்டிருந்தார். அந்த இடத்துக்குப் போட்டி என்றால் நானும் காதர் பாயும்தான். காதர் பாய் என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், அடுத்த மேஜை. நான் முதலாளிக் கவுண்டரிடம் போய் வயிற்றுப் பிள்ளை விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிக் கேட்டேன். "பாத்துக்கலாங் கண்ணு" என்றார். கொங்கு நாட்டு மரியாதையில் முடியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் பாத்துக்கலாம். பெண் கேட்டுப் போன இடத்தில் பாத்துக்கலாம் என்றால் அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். மற்றவர்களுக்குச் சொன்னால் தெரியும். எனக்கே சொன்னபோது, சரி என்று சொன்ன மாதிரிதான் கேட்டது.

அந்த வாரம் பார்த்து மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டம். வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர், பெற்ற பிறகு நன்றி சொல்வது யாருக்கும் வரும், பெறுவதற்கு முன்பே சொல்வதுதான் விசுவாசம் என்றார். அவர் எதை நினைத்துச் சொன்னாரோ. எனக்கு அதில் ஒரு குறுக்குவழி தெரிந்தது. சபை முன்னால் நன்றி சொல்லிவிட்டால் ஆண்டவர் பேச்சை மாற்ற முடியாதல்லவா? ஞாயிற்றுக்கிழமை தாளில் எழுதினேன்: 'கட்டிங் மாஸ்டர் வேலை கிடைத்ததற்காக.' போதகர் வாசித்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெண்கள் பக்கம் எஸ்தர் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஆராதனை முடிந்ததும் ஊத்துக்குளிப் பெரியவர் என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். என் கையிலும் வெண்ணெய் வாசனை வந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கவுண்டர் வந்து, மாஸ்டர் மேஜைச் சாவியைக் காதர் பாயிடம் கொடுத்தார். என் தோளைத் தட்டி, "நீயும் இருக்கற, பாத்துக்கலாம்" என்றார்.

இன்றைக்கே சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். எஸ்தர் சுவரில் சாய்ந்து, தலையணையின் மேல் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "காத்தாலயே போயி நின்னுக்கறேன்னு சொல்லிட்டு வந்துட்டேனுங்க" என்றாள். நான் கைகால் கழுவப் போனேன். ரொம்ப நேரம் கழுவினேன்.

மறுநாள் காலை ஒரு டின் நிறையக் கச்சாயம் சுட்டு, கம்பெனியில் எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லி என் கையில் கொடுத்தாள். வெல்லமும் நெய்யும் மணக்க அதைத் தூக்கிக்கொண்டு மூன்று மைல் நடந்தேன். வழியில் ஒரு நாய் பின்னாலேயே வந்தது. அதற்கே போட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். என் மூளை வேலை செய்கிற அழகைப் பாருங்கள்: கம்பெனியில் இது எதற்கு என்று கேட்டவர்களிடம், காதர் பாய் மாஸ்டர் ஆனதற்கு எங்கள் வீட்டில் செய்து கொடுத்தார்கள் என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் தின்றார்கள். காதர் பாய் மட்டும் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவர் எங்கள் லைன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அம்மிணி, எனக்கு மாஸ்டர் வேலை கெடச்சதுக்கு எங்க சொந்தத்துலயே யாரும் ஒரு வாய் இனிப்புக் குடுக்கலீங்க. நீங்க புள்ளத்தாச்சி, அடுப்புல வெந்து செஞ்சு அனுப்பியிருக்கறீங்க" என்றார்.

எஸ்தர் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். பிறகு அவர் பக்கம் திரும்பி, "உள்ள வாங்கண்ணா. நெய் பத்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

அவர் காபி குடித்துவிட்டுப் போகும்வரை சிரித்துப் பேசினாள். போன பிறகு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன்.

"ஆண்டவருகிட்டச் சொன்ன பொய்ய அவரு பாத்துக்குவாரு. நாளைக்கு நான் கைமடிக்குப் போறேனுங்க" என்றாள்.

போகவும் போனாள். என்னால் தடுக்க முடியவில்லை. தடுக்கிற வாய் எனக்கு ஏது? அரைமணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டாள். அவள் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்துவிட்டாளாம். எஸ்தர் தலையணையைப் போட்டுக் காலை நீட்டினாள். நான் காதர் பாயிடம் காரணம் சொல்லாமல் ஓவர்டைம் கேட்டேன். கொடுத்தார். அரிசியைக் குறைத்துச் சோளத்தைக் கூட்டி மாதத்தை ஓட்டினோம்.

போதகரிடம் போய் நடந்ததைச் சொல்லி, அந்தக் காணிக்கையை ரத்து செய்ய வழியுண்டா என்று கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்தார். காணிக்கையை ரத்து செய்கிற முறை சபை ஒழுங்கில் இல்லை, நீங்களே எழுந்து சொல்லிவிடுங்கள் என்றார்.

வந்த ஞாயிற்றுக்கிழமை தாள்களை வாசித்து முடித்ததும் நான் எழுந்து நிற்க வேண்டும். கடைசித் தாளைப் பிரித்துப் போதகர் நிறுத்தி வாசித்தார்: 'எஸ்தர். கால் வீக்கம் வடிந்து, பழைய செருப்பு நுழைந்ததற்காக.'

முதல்முறையாக நான் பாட்டுப் புத்தகத்துக்குள் தலையை விடவில்லை. அவள் ஒரு பொய்யும் எழுதவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை. நடந்த நாசத்துக்குள் எது நிஜமாகவே கிடைத்ததோ, அதை மட்டும் தேடி எடுத்து நன்றி சொல்லியிருந்தாள். எனக்குப் பக்தி கொஞ்சம் மட்டு. ஆனாலும் அந்த நிமிஷம் மனசுக்குள் ஏதோ ஒன்று நிதானத்துக்கு வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

எழுந்தேன். மாஸ்டர் வேலை எனக்குக் கிடைக்கவில்லை, கிடைத்ததாகச் சொன்னது பொய் என்றேன். ஊத்துக்குளிப் பெரியவர் பழக்கதோஷத்தில் உரக்க "ஆமென்" என்றார். பெண்கள் பக்கம் எஸ்தரின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை பத்து மாதம் நிறைந்து பிறந்தது. பெண். எல்லாம் முடிந்து பார்க்கும்வரை நான் தாளையே தொடவில்லை. எஸ்தர்தான் எழுதினாள்: 'பிள்ளை அழுததற்காக.' போதகருக்கு அன்று மட்டும் வாசிக்கக் கொஞ்சம் தடுமாறியது.

அந்த லைன் வீடு இருந்த இடத்தில் இப்போது எக்ஸ்போர்ட் கம்பெனியின் கோடவுன். போதகர் மாற்றலாகிப் போய், போன ஊரிலேயே இறந்துபோனார். ஊத்துக்குளிப் பெரியவரும் இல்லை. அவருக்குப் பிறகு எங்கள் கோயிலில் யாருக்கும் அவ்வளவு உரக்க ஆமென் சொல்ல வருவதில்லை. கைமடிக்கு ஆள் வைக்கிற வழக்கம் போய், மெஷினே ஓரத்தை மடித்துக்கொள்கிறது. அடுத்த வீட்டு எருமை கன்று போட்டதும், யார் ஊசிக்குத் தப்பினார் என்பதும் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தெரிவதில்லை.

அந்தக் கம்பெனி ஆட்களில் காதர் பாய் மட்டும் மகன் வீட்டில் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். இத்தனை வருஷம் கழித்துக் கச்சாயக் கதை முழுவதையும் அவரிடம் சொன்னேன். முன்கூட்டியே நன்றி சொன்ன என் திமிருக்காகத்தான் ஆண்டவர் அந்த வேலையைத் தட்டிவிட்டார் என்று இன்றைக்கும் நம்புவதாகச் சொல்லி முடித்தேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"அவரு மேல எதுக்குங்க தம்பி பழியப் போடறீங்க? நீங்க கோணலா வெட்டுவீங்க. அதானுங்க குடுக்கல."