கேசட்டுக்கு முன்பே வந்த அட்டை

என் மேசை இழுப்பறையில் ஒரு கேசட் பெட்டி இருக்கிறது. மூடியின் விளிம்பில் சிறு விரிசல். உள்ளே மடித்துச் செருகிய வண்ண அட்டையில் ஒருவர் மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருக்கிறார். அவர் தோளுக்குக் கீழே, தபால்தலை அளவில், கீபோர்டுக்குப் பின்னால் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார். அட்டையின் பின்புறத்தில் ஆறு பாடல்களின் முதல் வரிகளும் பாடியவர் பெயரும் உண்டு. பெட்டிக்குள் கேசட் கிடையாது. ஒருபோதும் இருந்ததில்லை. கேசட் வருவதற்கு முன்பே அட்டையை அச்சடித்துவிட்டவர்கள் நாங்கள்.

தபால்தலை அளவில் இருப்பவரைத்தான் மாஸ்டர் என்று அழைத்தோம். ராஜபாளையத்தில் அவர் நடத்திய மெல்லிசைக் குழு, கோயில் கொடை, கல்யாண வரவேற்பு, மில் ஆண்டுவிழா என்று மேடை போட்ட இடமெல்லாம் வாசித்தது. பெரிய படத்தில் இருப்பவர் அந்தக் குழுவின் பாடகர். செட்டியார்பட்டிக்காரர்; நூல் மில்லில் காலை ஷிப்ட் முடித்துவிட்டு, தலைமுடியில் பஞ்சுத் தூசி போகாமலே மேடைக்கு வருவார். எந்தச் சினிமாப் பாடகரின் குரலைக் கேட்டாலும் அந்தக் குரலிலேயே பாடுவார். கூட்டம் அதற்காகத்தான் வந்தது. அவருடைய சொந்தக் குரலைக் கேட்டவர்கள் எங்களில் சிலர் மட்டுமே. மாஸ்டர் தாமே மெட்டமைத்த ஆறு பாடல்கள் இருந்தன. விழாக் கமிட்டியார் சினிமாப் பாட்டுத்தான் வேண்டும் என்பதால், நிகழ்ச்சிக்கு முன்னால் மைக் சரிபார்க்கும் நேரத்தில் அவற்றை வாசித்துப் பார்ப்பார்கள். அப்போது பாடகர் யாரைப் போலவும் பாடமாட்டார். சரணம் தொடங்கும் முன் தொண்டையைச் செருமிக்கொள்வார். "ஏலே, ரெக்கார்டிங்ல இதையும் சேத்துல்லா புடிச்சிரும்" என்று மாஸ்டர் கடிந்துகொள்வார். அடுத்த சரணத்துக்கும் அவர் செருமுவார்.

பந்தல் நிறையாத அந்தச் சாயங்காலப் பொழுதுக்காகவே மம்சாபுரத்திலிருந்தும் கூமாப்பட்டியிலிருந்தும் சைக்கிளில் முன்னதாக வந்துவிடும் ஒரு கூட்டம் இருந்தது. நான் அப்போது மாலைப் பத்திரிகை ஒன்றின் உள்ளூர் நிருபர். விழாச் செய்திக்குப் போன இடத்தில் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டேன்.

ஆறு பாடல்களையும் மதுரையில் ஒரு சிறிய ஸ்டூடியோவில் பதிவு செய்துவிட்டார்கள் என்று தெரிந்த நாள் முதல் எங்களுக்குப் பொறுமை போய்விட்டது. அந்த நாளில் ரசிகர்கள் துண்டுச் சீட்டில் பாட்டின் பெயரை எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். அறிவிப்பாளர் ஊரும் பேரும் சொல்லி வாசிப்பார். நாங்கள் சினிமாப் பாட்டுக் கேட்பதை நிறுத்தினோம். எந்த ஊர் மேடையானாலும் எங்கள் சீட்டு ஒன்றே: 'மாஸ்டரின் சொந்தப் பாட்டு, கேசட் எப்போது?' அறிவிப்பாளர் அதை உரக்க வாசிப்பார், கூட்டம் சிரிக்கும், மாஸ்டர் கீபோர்டில் ஒரு சின்னச் சங்கதி போட்டுவிட்டு "வரும், வரும்" என்பார். மம்சாபுரத்தில் கமிட்டிப் பெரியவர் ஒருவர் எழுந்து, "ஏலே, பாட்டுக் கேக்க வந்தியளா, மறியல் பண்ண வந்தியளா?" என்று சத்தம் போட்டார். அதற்கும் மாஸ்டர் சிரித்தார். கலைந்து போகும்போது என்னிடம் சொன்னார்: "மெட்டுப் போட்டவனுக்கும் பாடுனவனுக்கும் பாட்டு சொந்தமில்ல தம்பி. கீழ நின்னு கேக்கான்லா, அவனுக்குத்தான்." நான் அதைச் செய்தியில் சேர்த்தேன். நம்பித்தான் சேர்த்தேன்.

நம்புவதற்குக் காரணம் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருநாள் நிகழ்ச்சி நடுவில் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் பெட்டிகளை மூட ஓடினார்கள். மாஸ்டர் தார்ப்பாயை இழுத்துப் பாடகரின் தலையில் போட்டார். கீபோர்டு நனைகிறதே என்று யாரோ கத்த, "அது போனா வேற வாங்கிக்கிடலாம். இவன் தொண்டைக்கு நான் எங்க போறது?" என்றார். அந்த மனிதரைத்தான் நான் பல ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்தேன்.

அட்டை யோசனை எங்கள் அச்சகத்து அண்ணாச்சியுடையது. கல்யாணப் பத்திரிகை அடிப்பவர். குழுவின் முதல் ரசிகர். அட்டையை அச்சடித்து, காலிப் பெட்டியில் செருகி ஊரெல்லாம் கொடுத்தால் மாஸ்டரால் தட்டிக்கழிக்க முடியாது என்றார். படங்களை அடுக்கும்போது ஒருவன், மாஸ்டர் படம் சின்னதாக இருக்கிறதே என்று கேட்டான். "பாடுத மொகத்தத்தாம்ல பெருசாப் போடணும்" என்றார் அண்ணாச்சி. யாரும் மறுக்கவில்லை. மில் ஆண்டுவிழா மேடைக்குப் பின்னால் முதல் பெட்டியை மாஸ்டரிடம் நீட்டினோம். கண்ணாடி போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்தார். "அச்சு சுத்தமா வந்திருக்கு" என்றார். பெட்டியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். இழுப்பறையில் இருப்பது அதுதான்.

அதற்குப் பிறகு மைக் சரிபார்க்கும்போது அந்த ஆறு பாடல்களும் கேட்கவில்லை. எங்கள் சீட்டுகளை அறிவிப்பாளர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பாடகருக்கு இருமல் வந்தது. பஞ்சுத் தூசி என்றார்கள். அவர் இறந்தபோது அவருடைய மகள் நடக்கப் பழகவில்லை. குழு கலைந்தது. கேட்கும்போதெல்லாம் மாஸ்டர் ஒரே பதில் சொன்னார்: "நேரம் வரட்டும்."

சீட்டு அனுப்பிய நாங்கள் வயதேறி, பல வருஷம் கழித்து வாட்ஸப் குழுவில் கூடினோம். தினமும் யாராவது ஒருவர் பழைய கேள்வியை எழுதுவார். சிலர் மாஸ்டர் வீட்டுக்கே போய் உட்கார்ந்தார்கள். நான் பத்திரிகையில் எழுதினேன். செட்டியார்பட்டியில் பாடகரின் மனைவியையும் மகளையும் பார்த்தது அந்தக் கட்டுரைக்காகத்தான். மகள் இன்று தனியார் மருத்துவமனையில் செவிலியர். "எங்கப்பா எல்லாரு மாதிரியும் பாடுவாவன்னு சொல்லுதாவ மாமா. அவிய மாதிரி அவிய பாடி நான் கேட்டதில்ல" என்றாள். கேட்க வைக்கிறோம் என்று நான் சொன்னேன். கட்டுரை வந்த பின் மாஸ்டர் போனில் கூப்பிட்டார். பாடல்களை இணையத்தில் வெளியிடச் சம்மதம் என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. தாயையும் மகளையும் முன்வரிசையில் உட்கார வைத்தோம். முதல் பாட்டின் தொடக்க இசை வந்ததும், தலை நரைத்த எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். ஒரு சுரம்கூட மாறவில்லை. பிறகு குரல் வந்தது. இளமையான, பிசிறில்லாத, எங்கள் யாருக்கும் தெரியாத குரல். மேடை ஓரத்தில் மாஸ்டரின் மகன் தலை குனிந்து நின்றிருந்தார்.

"ஏலே, யாரு இது?" என்று அண்ணாச்சி என் தோளைப் பிடித்தார். நான் மாஸ்டரின் மகனைக் காட்டினேன். மகள் தாயைப் பார்த்தாள். இதுதானா என்று அவளுக்கு அம்மாவிடம் கேட்க வேண்டியிருந்தது. தாய் இல்லையென்று தலையசைத்தார். மேடையில் மாஸ்டர் மைக்கை வாங்கினார். "இத்தன வருசமாக் கேட்டிய. குடுத்துட்டேன். இந்தக் காலத்துக்குத் தக்கன கொஞ்சம் மெருகேத்தியிருக்கு." மாஸ்டரின் உறவினர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து கைதட்டல் எழுந்தது.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் அவரை நிறுத்தினேன். பாடகரின் குரல் எங்கே என்றேன்.

"அந்த டேப்புல பூஞ்ச தம்பி. தூக்கிப் போட்டாச்சு."

"இசை இருந்த டேப் மட்டும் நல்லா இருக்கே மாஸ்டர். ரெண்டும் ஒரே பெட்டியிலதான இருந்துச்சு?"

அவர் என் பக்கம் திரும்பினார். வலது கையை உயர்த்தி, கட்டைவிரல் நகத்தை என் கண்ணுக்கு நேரே காட்டினார்.

"அட்டையில என்னைய எம்புட்டுப் பெருசு போட்டிய தம்பி? இம்புட்டு."

பந்திக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். மெட்டு அவருடையது, அட்டையில் அவருக்கு நாங்கள் நியாயம் செய்யவில்லை என்பதெல்லாம் உண்மை. ஆனால் அவர் அழித்த குரல் எங்களுடையது அல்ல. எங்களுக்குக் கொடுத்த தண்டனையை, அட்டை அச்சானபோது பிறந்திராத ஒரு பெண் வாங்கிக்கொண்டாள்.

பெட்டியை அவளிடமே கொடுத்துவிடலாம் என்று போன வாரம் செட்டியார்பட்டிக்குப் போனேன். அவள் தன் போனை என்னிடம் நீட்டினாள். நான்காவது பாட்டு. மாஸ்டரின் மகன் சரணத்தை எடுப்பதற்குச் சற்று முன்பு, டோலக் ஒலிக்கு அடியில், யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள். டோலக்குக்கு வைத்த மைக் அதையும் பிடித்திருக்கிறது. தாய் கைவேலையை நிறுத்திவிட்டு, "அவியதான்" என்றார். ஆறு பாட்டையும் தேடியாயிற்று, வேறெங்கும் இல்லை என்றாள் மகள். மாஸ்டர் அவ்வளவு கவனமாக அழித்திருக்கிறார்.

பெட்டியை மேசைமேல் வைத்தேன். மகள் அட்டையிலிருந்த அப்பாவைப் பார்த்தாள், பின்புறத்தில் பாடியவர் பெயரைப் படித்தாள், மூடியைத் திறந்து உள்ளேயும் பார்த்தாள். பிறகு என் பக்கமே தள்ளிவிட்டாள்.

"நீங்களே வச்சுக்கோங்க மாமா. வீட்டுல போட்டோ கெடக்கு."

திரும்பக் கொண்டுவந்து இழுப்பறையில் வைத்தேன். இதுவரை யாரிடம் கொடுத்தாலும் திரும்பி வந்துவிடுகிறது.