கருக்குப் போன அரிவாள்

கல்யாணமாகி வந்த முதல் மாசி அறுப்பு. சுசீந்திரத்துக்குத் தெற்கே ஒரு வயலில் ஆள் கூப்பிட்டார்கள். நான் அறுக்கும் பங்கின் வைக்கோலில் ஒரு கட்டு எனக்கு என்று வயல்காரர் சொல்லியிருந்தார். வீட்டில் பசு நிறைசினை. தீனிக்கு அந்தக் கட்டை விட்டால் வேறு வழியில்லை.

தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய கருக்கரிவாள் என்னிடம் இருந்தது. அதன் வாயில் பொடிப் பொடியாகப் பல் இருக்கும். அந்தப் பல்தான் தாளைப் பிடித்து அறுக்கும். முதல் பிடியை இழுத்தேன். தாள் வழுக்கியது. இன்னும் ஓங்கி இழுத்தேன், வேரும் சேறுமாகக் கையோடு வந்தது. பார்த்தால் அரிவாளில் ஒரு பல்கூட இல்லை!

வயல்காரர் வரப்பில் நின்று கத்தினார். "ஏட்டி, சேத்தையா மாடு திங்கும்? இப்பிடிப் பிடுங்குனா கரையேறிப் போ."

யார் செய்த வேலை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பனையேறி. பாளை சீவும் அரிவாளை வெள்ளைக்கல் பொடி போட்டுப் பலகையில் தினமும் தீட்டுவார். பெண்டாட்டி சிரமப்படக் கூடாதென்று என் அரிவாளையும் அப்படியே தீட்டி மழித்து வைத்திருக்கிறார், புத்திசாலி! அந்தப் பழைய இரும்பில் பல் போனதுதான் மிச்சம், கூர் ஏறவில்லை.

காலைப் பனை முடித்துவிட்டு அவர் கஞ்சிக் கலயத்தோடு வந்தார். நான் விடுவேனா?

"பல்லைக் கொண்டுபோய் எந்தப் பனையில வச்சீரு? வயலுக்கும் பனைக்கும் வித்தியாசம் தெரியாதா? வைக்கோல் இல்லாம பசு பட்டினி கிடந்தா, பிறக்கப்போற கன்னுக்குட்டி பாலுக்கு உம்ம பனை மூட்டுலயா வந்து நிக்கும்?"

அறுப்புக்காரிகள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் இடுப்புப் பெட்டியிலிருந்து தன் பாளையரிவாளை எடுத்து நீட்டினார். பனையேறி அதைக் கூடப்பிறந்தவனுக்கும் கொடுக்கமாட்டான். அன்று சாயங்காலம் பாளை சீவாவிட்டால் வெட்டுவாய் அடைத்துவிடும், பதநீர் நின்றுபோகும்.

"பிடி பிள்ளே. மெதுவா இழு," என்றார்.

வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. சாயும் வெயில்வரை அறுத்தேன், ஒரு வேர் வரவில்லை. வைக்கோல் கட்டு கிடைத்தது. அரிவாள் வாயோ தாள் அறுத்தே மடங்கிப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்து அதைக் கையில் கொடுத்தேன். "பாளையெல்லாம் அடச்சிருக்குமே," என்றேன்.

"போட்டும். வெட்டு சுத்தமா விழுந்துதா?" என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. காலையில் நான் ஏசியது வயல் முழுக்கக் கேட்டது. "என்னைப் பொறுத்துக்கிடுங்க" என்று சொன்னது அவருக்கு மட்டும்தான் கேட்டது.