ஜெயலெட்சுமி சொன்ன பேய்ப்படம்

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஜெயலெட்சுமிக்குப் பெயர் கொழுந்து பறிப்பதில் அல்ல, படக்கதை சொல்வதில். மலை வடிகானில் வழுக்கி விழுந்து முறிந்த வலது மணிக்கட்டு கோணலாகவே கூடிவிட்டது. அந்தக் கையால் நாளுக்கு இவ்வளவு எடை கொழுந்து என்று குறித்த றாத்தலை எட்ட முடியாது. எட்டாவிட்டால் அரைப்பேர், பாதிச் சம்பளம். எழுபத்துநாலாம் வருஷம். இலங்கையே மாவுக்கும் மரவள்ளிக்கும் அடிபட்ட பஞ்ச காலம். அரைப்பேர் என்றால் அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் அரை வயிறு.

பெண்களே சில்லறை சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை பதுளைக்குப் பகல் காட்சிக்கு அவளை அனுப்புவார்கள். தொழிற்சங்கச் சந்தாவுக்கு மூக்கால் அழுதவர்கள் இதற்கு முகம் சுளித்ததில்லை. வாரம் முழுக்க மலையில் நின்று படத்தைச் சொல்வாள். கேட்பவர்கள் ஆளுக்கொரு பிடி கொழுந்தை அவள் கூடையில் போடுவார்கள். றாத்தல் சரியாகிவிடும்.

அந்த வாரம் வெள்ளைக்காரப் பேய்ப்படம். ஒரே படத்தில் ஐந்து கதை. நாளுக்கொன்று.

"பாஷ தெரியாம என்னாத்தடி பாத்த?" என்றாள் அடுத்த நிரையில் நின்ற பெரியாயி.

"பேய் என்னா பேசவா வருது? கழுத்தப் புடிக்க வருது. அவுங்க ஊருல பேய்க்குன்னு ஒரு திருநாளு இருக்கு போல. பூசணிக்காயக் கொடஞ்சு, கண்ணு மூக்கு வச்சு, உள்ளுக்க வெளக்கு ஏத்துறானுக."

"திங்காமயா?"

"திங்காமத்தான்."

"வயிறு நெறஞ்ச பேயுகடி!"

மலையே சிரித்தது. கூடையில் கொழுந்து விழுந்தது.

வெள்ளிக்கிழமை ஐந்தாவது கதை. ஊராருக்கெல்லாம் குழி அளக்கும் தொந்திப் பேய், கடைசியில் தான் அளந்த குழியிலேயே சிக்கிக்கொள்கிறது. ஜெயலெட்சுமி ஒரு கம்பை அக்குளில் இடுக்கி, வயிற்றை முன்னே தள்ளி நடந்து காட்டினாள். அச்சு அசல் அவர்களை வேலை வாங்கும் ரெங்கசாமிக் கங்காணியின் நடை. பெண்கள் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மேல்பாதையில் ரெங்கசாமி நின்றிருந்தார். பார்த்துவிட்டுக் கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

அந்தியில் கொழுந்து நிறுக்கும்போது அவள் கூடையைத் தடுத்தார்.

"கோணக் கைக்காரிக்கு இம்புட்டுக் கொழுந்து எப்புடி வந்துச்சு? பெரியாயி, நீ போட்டியா?"

"நானாங்க? எனக்கே றாத்தல் பத்தலைங்க."

மற்றவர்களைப் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"அப்ப திருட்டுக் கொழுந்து."

"ஐயோ, இல்லீங்க கங்காணி! சொல்லுங்கடி!" என்று கத்தினாள் ஜெயலெட்சுமி.

ரெங்கசாமி தன் கம்பை அவளிடம் நீட்டினார். "சரி. அந்தத் தொந்திப் பேய எனக்கும் காட்டு. சிரிப்பு வந்தா முழுப்பேரு."

காட்டினாள். பிள்ளைகளை நினைத்துக்கொண்டு காலையில் நடந்ததைவிட நன்றாகவே நடந்தாள். குழியில் மாட்டிக்கொண்டு கைகாலை உதறினாள். கங்காணிக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு. அவர் சிரித்ததும் பெண்களும் சிரித்தார்கள், பெரியாயி எல்லோருக்கும் மேலாக.

கண்ணைத் துடைத்துவிட்டு ரெங்கசாமி அரைப்பேர் போட்டார்.

"நீங்களும் சிரிச்சீங்களே, ஐயா?"

"சிரிச்சேன். அதுக்கு? திருட்டுன்னு தோட்டத்துத் தொரைகிட்ட சொல்லாம விட்டேன்ல, போ."

லயத்து வரிசை வீடுகளுக்கு இறங்கும் வழியில் பெரியாயி அவள் பக்கத்தில் வந்தாள்.

"நாளைக்கும் ஏதாச்சும் கதை சொல்லுடி. கொழுந்து மட்டும் கேக்காத."