மழுங்கிப் போன பிளக்

கேரள எல்லையோரத்தில், உதியன்குளங்கரையிலிருந்து காரோட்டுக்குப் போகும் வழியில் எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை உண்டு. கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டி வைக்கும் இரும்புத் தாங்கி என்று வருகிற வேலையை எல்லாம் செய்வேன். ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்தபோது எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். அன்றிலிருந்து இரும்போடுதான் என் பாடு. ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரு வண்டிக்கு அடியில் நான் படுத்ததில்லை.

வண்டி என் தம்பியுடையது. வளைகுடாவில் கிரேன் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவன், வந்த கையோடு பழைய ஜீப் ஒன்றை வாங்கினான். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. மழைக்காலத்தில் மேட்டுப்பக்கத்து ரப்பர்த் தோட்டங்களுக்குச் சாமான் கொண்டுபோக அதைவிட்டால் வேறு வண்டி இல்லை. அதைத் துடைக்கிற துணியைக்கூட யாரையும் தொடவிட மாட்டான்.

மறுநாள் சனிக்கிழமை ஒரு தொட்டித் தாங்கியை மேட்டு வீடு ஒன்றில் இறக்கியாக வேண்டும். அந்த வீட்டுக்காரருக்கு மரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்திருந்தது. அவர் மனைவி தினமும் கீழேயிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து ஏறிக்கொண்டிருந்தார். தொட்டி வந்து வாசலில் சும்மா கிடந்தது, குழாய்க்காரர் காலையிலேயே வருவதாகச் சொல்லியிருந்தார். என் தாங்கி மட்டும்தான் பாக்கி.

வெள்ளிக்கிழமை காலை தம்பி ஜீப்பை என் பட்டறை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். ஏற்றத்துக்கு முன்னால் டிரான்ஸ்பர் கேஸின் எண்ணெயை மாற்றிவிடலாம் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் அலுமினியப் பெட்டி அது. நாலு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். அதில் திருகு மூடிபோல இரண்டு பிளக் உண்டு. கீழே உள்ளதைத் திறந்தால் பழைய எண்ணெய் வடியும், மேலே உள்ளதைத் திறந்துதான் புதிய எண்ணெய் ஊற்ற வேண்டும். அவன் கீழ் பிளக்கை முதலில் திறந்தான். எண்ணெய் முழுக்கச் சட்டியில் வடிந்துவிட்டது. பிறகு மேல் பிளக்குக்குப் போனான்.

நான் கிரைண்டரை நிறுத்தியபோது ஜீப்பின் அடியிலிருந்து சத்தமே இல்லை. இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"எலே, என்னல ஆச்சு?"

"ஒண்ணுமில்ல அக்கா."

"ஒண்ணுமில்லன்னா ஏன் பேச்சுமூச்சில்லாம கிடக்க?"

அடியிலிருந்து தலையை நீட்டினான். "பிளக் மழுங்கிப் போச்சு. ஆலன் கீ சும்மா சுத்துது."

அப்போதுதான் நிலைமை எனக்கு விளங்கியது. உள்ளே எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. ஊற்ற வழியும் இல்லை. எண்ணெயில்லாமல் ஓட்டினால் பல்சக்கரம் எல்லாம் அரைபட்டுப் போகும். ஜீப் என் முற்றத்தை விட்டு அசைய முடியாது.

நெய்யாற்றின்கரையிலிருந்து அவனுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பைக்கில் வந்தார். நல்ல மனிதர்தான். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார், உளி வைத்து இரண்டு தட்டு தட்டினார், எழுந்து கையைத் துடைத்தார்.

"நடக்கூல. கேஸ் அழிச்செடுக்கணும்" என்றார் மலையாளத்தில். கழற்றி எடுக்க வேண்டும் என்றுதான் அதற்கு அர்த்தம். தம்பிக்கு மலையாளம் நன்றாகவே தெரியும். ஆனாலும் ‘அழிச்சு’ என்ற அந்தச் சொல் அவன் முகத்தில் தமிழ் அர்த்தத்திலேயே போய் விழுந்தது.

"இன்னும் கொஞ்சம் பலமா தட்டினா?"

"அலுமினியமாணு. தட்டியா பொட்டும்." தட்டினால் உடைந்துவிடுமாம். அடுத்த புதன்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தம்பி மதில்மேல் உட்கார்ந்து போனை எடுத்தான், மேட்டு வீட்டில் முடியாது என்று சொல்ல. எனக்கு அந்தக் குடம் கண்ணில் வந்தது.

"போன வை மக்கா. நான் ஒருக்கா பாக்கேன்."

"அக்கா, இது உன் கேட்டு, கிரில்லு இல்ல. வண்டியாக்கும்."

"பிளக் என்ன, தங்கமா? இரும்பாக்கும்."

சாக்கை விரித்து அடியில் நுழைந்தேன். ஆலன் கீ நுழைகிற, ஆறு மூலையாக இருந்த குழி வழவழவென்று வட்டமாகியிருந்தது. சட்டம் ஒட்டும்போது மூலை மட்டம் பிடிக்க நான் வைத்திருக்கும் காந்தத்தை அந்த டிரான்ஸ்பர் கேஸ் பெட்டியில் வைத்தேன், ஒட்டவில்லை. பிளக்கில் வைத்தேன், டப்பென்று ஒட்டிக்கொண்டது. அந்தச் சத்தத்திலேயே எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது. பிளக் இரும்பு, பெட்டி அலுமினியம். என் வெல்டிங் ராடு இரும்பில்தான் பிடிக்கும், அலுமினியத்தில் பிடிக்காது. பிளக்கின் தலைமேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளைக்குள்ளேயே வெல்டிங் நிரப்பிவிட்டால் ஸ்பேனர் பிடிக்க ஒரு தலை கிடைத்துவிடும். போதாததற்கு அந்தச் சூட்டில் பிளக்கும் தன் பிடியை விடும்.

அதைச் சொன்னதும் அவன் பதறினான். "உள்ள எண்ணெய்ப் பசை உண்டு. தீப்பிடிச்சிரும்."

"அதுக்குத்தான நீ இருக்க. வாளியில தண்ணியும் நனஞ்ச சாக்கும் மணலும் கொண்டு வா. மொதல்ல பேட்டரி வயரக் கழட்டு. கீழ் பிளக்கையும் மாட்டு."

செய்தான். வெல்டிங் மெஷினின் எர்த்துக் கவ்வியைப் பெட்டியிலேயே, பிளக்குக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன். தூரத்தில் பிடித்தால் மின்சாரம் பேரிங்குகளின் வழியாகப் போய் அவற்றைக் கெடுத்துவிடும். முகமூடியை இறக்கி நட்டை ஒட்டினேன். ஆறவிட்டு ஸ்பேனரை மாட்டி இழுத்தேன். நட்டு மட்டும் கையோடு வந்தது.

"நான் சொன்னேன்லா" என்றான் தம்பி.

எனக்கு வந்த கோபத்தில் அந்த நட்டை அவன்மேலேயே எறிந்திருப்பேன். எறியாமல் திருப்பிப் பார்த்தேன். ஒட்டு முழுக்கக் கறுத்து, நுரை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. குழிக்குள் எண்ணெய் தங்கியிருந்திருக்கிறது. எண்ணெய் இருக்கும் இடத்தில் இரும்பு ஒட்டாது என்பது வேலைக்கு வந்த முதல் வாரமே எனக்குத் தெரியும். அவசரத்தில் விட்டுவிட்டேன். தப்பு என்னுடையது. அது ஒரு விதத்தில் நிம்மதியாகவும் இருந்தது, என் தப்பென்றால் என்னால் திருத்த முடியும்.

கம்பி பிரஷால் குழியைத் தேய்த்தேன். தின்னர் தொட்ட துணியால் துடைத்தேன். மறுபடி தேய்த்தேன். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை விடவில்லை. தின்னர் டின்னைத் தெருப்பக்கம் கொண்டு வைக்கச் சொன்னேன். வாடை முழுக்கப் போகட்டும் என்று பாலில்லாத கட்டன் சாயா ஒன்று குடித்துவிட்டு, முன்னதைவிடப் பெரிய நட்டாக ஒன்று எடுத்துக்கொண்டு மறுபடி அடியில் போனேன்.

இந்தத் தடவை சத்தமே வேறாக இருந்தது. ராடு ஒரே சீராகப் பொரிந்தது. துளையின் நடுவிலிருந்து தொடங்கி வட்டமாக மேலே நிரப்பிக்கொண்டு வந்தேன். ஒரு நெருப்புப் பொறி என் கையுறைக்கும் சட்டைக்கும் இடையில் விழுந்து மணிக்கட்டைச் சுட்டது. கையை எடுத்தால் ஒட்டு கெட்டுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நிரப்பி முடித்தேன்.

சிவப்பு அடங்கியது. தம்பி ஸ்பேனரோடு என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டான்.

"இழுக்கட்டா?"

"நில்லு. ஆறட்டும்."

"இப்ப?"

"நில்லுன்னு சொன்னேன்லா!"

ஆறியபின் ஸ்பேனரை நானே மாட்டினேன். முதலில் இறுக்குகிற பக்கமாக ஒரு பொட்டு அழுத்தினேன். பிறகு கழற்றுகிற பக்கம். அசையவில்லை. மறுபடி இறுக்கம், மறுபடி கழற்றல். ஸ்பேனர் முனையில் ஒரு குழாய்த்துண்டைச் செருகி, இரண்டு காலையும் டயரில் ஊன்றி இழுத்தேன்.

டிக்.

சின்னச் சத்தம்தான். நட்டுதான் உடைந்துவிட்டது என்று நினைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தோம். நட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. பிளக்கும் சேர்ந்து திரும்பியிருந்தது. அரைச் சுற்று, ஒரு சுற்று. அதன்பின் ஸ்பேனரே வேண்டியிருக்கவில்லை, கையுறைக் கையாலேயே சுழற்றி எடுத்தேன்.

நாங்கள் இரண்டுபேரும் ஜீப்புக்கு அடியில் கிடந்து போட்ட கூச்சலில் பக்கத்துத் தையல்கடைப் பெண் கத்தரிக்கோலோடு ஓடி வந்துவிட்டார்.

"ஐயோ, வண்டி மேல விழுந்திட்டுதா?"

"இல்லக்கா, பிளக் வந்தாச்சு! எங்க அக்கா எடுத்தாச்சு!" என்று தம்பி அடியிலிருந்தே கத்தினான். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தச் சூடான பிளக்கை ஒரு துணியில் வைத்து அவரிடம் நீட்டினேன். பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார்.

பெட்டியின் மரையை விரல்விட்டுத் தடவினேன். ஒரு பல்கூட உடையவில்லை. தம்பி பஸ் ஏறி நெய்யாற்றின்கரைக்குப் போய், வெளியே ஆறுமூலைத் தலை உள்ள புதிய பிளக்கும் செம்பு வாஷரும் வாங்கி வந்தான். கைப்பம்பால் எண்ணெய் ஏற்றினோம். துளை விளிம்பில் எண்ணெய் மெல்ல வழியத் தொடங்கியதும் பிளக்கை மாட்டினேன். அப்போது வெயில்கூட இன்னும் சாயவில்லை.

சனிக்கிழமை காலை தாங்கியை ஏற்றிக்கொண்டு போனோம். செம்மண் ஏற்றத்தில் இரவு மழை ஓடிய சால் ஆழமாகக் கிடந்தது. தம்பி லிவரை நாலு சக்கரத்துக்குத் தள்ளினான். ஓர் உறுமல் இல்லை, ஓர் அரைப்பு இல்லை. ஜீப் ஓரிடத்தில்கூடத் திணறாமல் மேலே போய் நின்றது. மத்தியானத்துக்குள் தொட்டி தாங்கிமேல் ஏறிவிட்டது. குழாய்க்காரர் இணைப்பு கொடுத்து, கீழேயிருந்து மோட்டாரால் தண்ணீர் ஏற்றினார். அந்த வீட்டம்மா அடுக்களைக் குழாயைத் திறந்தார். தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்து, பிறகு தெளிந்தது. அவர் குழாயை மூடவே இல்லை, கொஞ்ச நேரம் கையை அதன் கீழேயே வைத்துக்கொண்டிருந்தார்.

இறங்கி வரும் வழியில் ஒரு சாயாக்கடையில் நிறுத்தினோம். தம்பி உட்காருவதற்கு முன்னாலேயே கதையைத் தொடங்கிவிட்டான். காந்தம், எண்ணெய்ப் பசை, முதல் நட்டு, இரண்டாவது நட்டு, ஒன்றையும் விடவில்லை. "நான் வேண்டாம்னு தடுத்தேன், கேட்டியளா, எங்க அக்கா கேக்கல்ல" என்று தன்னைத் தானே மாட்டிவிட்டுக்கொண்டு சிரித்தான். கடையிலிருந்த டிரைவர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் அவனை நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. வாழைப்பழப் பஜ்ஜியான பழம்பொரி இன்னொன்று சொல்லிவிட்டு, அவன் முதலிலிருந்து இன்னொருத்தருக்குச் சொல்வதையும் முழுசாகக் கேட்டேன்.