தொண்ணூறில் பெண்வீடு போனவர்

எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த, போர்த்துக்கேய வழிவந்த பறங்கிப் பெரியவர் தொண்ணூறு வயதுவரை வாழ்ந்ததை மட்டக்களப்பில் எங்கள் தெரு மன்னித்துவிட்டது. தொண்ணூறில் துணை தேடியதைத்தான் மன்னிக்கவில்லை.

அவர் சுனாமிக்கு முந்தியே மனைவியை இழந்தவர். பிள்ளைகள் அவுஸ்திரேலியாவிலிருந்து ஞாயிறுதோறும் தொலைபேசியில் அன்பு செலுத்தினார்கள். அவருக்குத் துணையாக வந்த அம்மா வாகரைப் பக்கத்து மீனவப் பெண், எழுபதை நெருங்கியவர். கணவரைச் சுனாமியில் கடல் கொண்டுபோயிற்று. இரண்டு வருடத்தில் சண்டை வந்து அவரையும் ஊரோடு கிளப்பிற்று. எங்கள் தெருக்கோடிப் பாடசாலையில் அகதியாக இருந்தபோது பெரியவரின் கிணற்றில் தண்ணீர் அள்ள வந்தார். பிறகு அவருக்கு மீன்குழம்பு வைத்துக் கொடுத்தார். பிறகு இருவரும் மாலை முழுவதும் வாசற்படியில் இருந்து, செத்துப்போனவர்களைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள்.

தெரு பெருந்தன்மையோடு, "சமையலுக்கு ஆள் கிடைச்சிட்டுது" என்றது. சம்பளத்துக்கு வந்தால் ஒழுக்கம், சும்மா வந்தால் ஒழுக்கக்கேடு. சமூகவியல் படித்த நான் இதைக் கண்டு அருவருத்தேன். ஆனால் வாய் திறக்கவில்லை. அயலாரோடு உறவு கெட்டுவிடும் என்று எடைபோட்டிருந்தேன்.

வாகரை மக்கள் மீளக் குடியேறியபோது அந்த அம்மாவுக்கு ஒரு சிறிய வீடு கிடைத்தது. யுத்தம் முடிந்த வருடம் அவர் பார்க்க வந்திருந்தபோது, இனித் தன் வீட்டிலேயே இருக்கும்படி பெரியவர் கேட்டார். வேலிக்கு இப்பால் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"மாட்டன். ஆம்பிளைட வீட்டுல போய் இருந்தா வேலைக்காரி எண்டுதான் சொல்லுவாங்க. எங்கட வழமையில ஆம்பிளைதான் பொம்பிளைட வீட்டுக்கு வாற. வாறண்டா வாங்க."

அடுத்த கிழமை பெரியவர் சாய்மனைக் கதிரையை வான் கூரையில் கட்டிக்கொண்டு புறப்பட்டார். தெரு வழியனுப்பியது.

"மாப்பிள்ளைக்குப் பல்லுத்தான் இல்ல. சீதனம் என்னவாம்?"

"ரெண்டு அறை, ஒரு கக்கூஸ்."

அவுஸ்திரேலியாப் பிள்ளைகள் தொலைபேசியில் என்னைப் பிடித்தார்கள். முதியோர் இல்லமொன்றில் இடம் எடுத்தாயிற்று. அவரிடம் கையெழுத்து வாங்கி, உள்ளூர்ப் பொறுப்பாளராக நானும் கையெழுத்திட வேண்டுமாம். நான் மறுக்கவில்லை. வாகரைக்குப் பஸ்ஸில் போகும்போதே அவர் அங்கே இருப்பதன் பாதகங்களை எழுதினேன்: வைத்தியசாலை தூரம், மாரியில் வீதியில் வெள்ளம், வாசலில் கடல்.

பெரியவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என் பட்டியலை இரண்டு முறை வாசித்தார்.

"எல்லாம் சரி, புள்ள. ஒண்டும் பிழையில்ல. ஆனா, சாகப் பயந்து தொண்ணூறு வயசில வீடு மாறுறவன் விசரன்."

அம்மா மீன் வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டார்: "அங்க இவர் இருமினா ஆர் எழும்புவா, மகள்?"

"தாதி இருப்பா, அம்மா."

"எழும்பி ஏசுவாவா?"

"சீச்சீ. அன்பாத்தான் பார்ப்பா."

"அப்ப சரிவராது," என்றார் பெரியவர். "ஏச்சு வாங்காட்டி எனக்கு நித்திரை வராது."

படிவத்தை அவரிடம் நீட்டாமலே திரும்பினேன். மூத்த மகன் தொலைபேசியில், "அப்பாவுக்கு ஏதாவது நடந்தால் நீங்கள் பொறுப்பா?" என்றார். கடல்கடந்து இருந்துகொண்டு பொறுப்பைப் பற்றிப் பேச ஒரு தைரியம் வேண்டும். ஏதாவது நடக்கும் என்பதும் நிச்சயம். "ஓம்" என்றேன். வாழ்நாளில் நான் எடைபோடாமல் சொன்ன ஒரே ஓம் அதுதான்.

அதன்பின் பெரியவர் ஆறு மாரி இருந்தார். ஒவ்வொரு மாரியிலும் வாகரைப் பக்கம் வெள்ளம் என்று கேட்டவுடன் அழைப்பேன். அம்மாதான் எடுப்பார்.

"இருக்கார். மீன் பொரியுது, மறுகா எடுங்க."