நான் எண்ணெய் விற்கவில்லை

அந்த எஞ்சினைக் கெடுத்தவன் நீ. பழியை என் தலையில் போட்டவனும் நீதான். திருகோணமலையில் கராஜ் வைத்திருந்தாய். எல்லாரும் உன்னை பாஸ் என்று கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டேன். இனிக் கூப்பிட மாட்டேன்.

எழுபதுகளில் கிண்ணியாவில் ஒரு முதலாளியின் வாடகைக் காரை ஒன்பது வருடம் ஓட்டினேன். இங்கிலாந்துக் கார். உதிரிப் பாகங்கள் வருவது நின்றுபோன காலம். எண்ணெய் பில்டரைக்கூட மண்ணெண்ணெயில் கழுவித் திரும்பப் போட்டு ஓடினோம். அந்த வேலையை நீதான் செய்தாய். வேறு யாரையும் முதலாளி நம்பவில்லை.

ஒருமுறை நீ சேர்விஸ் செய்து கொடுத்த மறுநாள் காலையில் அந்தச் சத்தம் தொடங்கியது. திறப்பைத் திருப்பி ஸ்டார்ட் செய்ததும், பால்மா டின்னுக்குள் சல்லிக்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல. எண்ணெய் லைட் அணையும்வரை ஏழெட்டு விநாடி. பிறகு நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை.

அன்றே உன்னிடம் கொண்டுவந்தேன். கிண்ணியாவிலிருந்து வந்து சேரும்போது எஞ்சின் நல்ல சூடு. நீ அணைத்துவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்தாய். சத்தம் வரவில்லை.

"எங்கயடா சத்தம்? உன்ர காதுக்குள்ளயோ?"

"ஆறினாத்தான் பாஸ் கேக்கும். இண்டைக்கு இஞ்ச விட்டுட்டுப் போறன். விடியப் பாருங்க."

"உன்ர காருக்குப் பக்கத்தில பாய் போட்டு நான் படுக்கோணுமோ? தாலாட்டும் பாடவோ?"

கராஜில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். மூன்று முறை வந்தேன். மூன்று முறையும் சிரித்தார்கள்.

பிறகு முதலாளி வீட்டுக் கலியாணம். உன்னை அழைத்துவர அவரே என்னோடு காரில் வந்தார். கடலைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். அதில் கார் ஏறினால் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அன்றைக்கு நீர் வற்றியிருந்ததால் பாதை மணலில் தட்டி இரண்டு மணித்தியாலம் நின்றது. கரை சேர்ந்தபோது எஞ்சின் ஆறிப்போயிருந்தது. ஸ்டார்ட் செய்தேன். பாதையில் நின்ற அத்தனை சனமும் திரும்பிப் பார்த்தது.

உன் முகம் மாறியதைக் கண்ணாடியில் கண்டேன். என்ன சத்தம் என்று உனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. ஆனாலும் இறங்கி, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாய்.

"முதலாளி, இது பெயரிங் போன சத்தம். எண்ணெய் இல்லாம ஓடியிருக்கிறான். வடிச்சு வித்திருக்கிறான்."

அளவுக்கம்பியை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினேன். எண்ணெய் சரியான அளவில் நின்றது.

"இப்ப ஊத்தி வச்சிருப்பான்" என்றாய்.

முதலாளி கையை நீட்டினார். "தாடா திறப்ப."

அன்றிலிருந்து துறையடியில் நான் நடந்தால் பின்னால் யாராவது "கடகடகட" என்பார்கள். என் மனைவி தேங்காயெண்ணெய் வாங்கப் போனால் கடைக்காரன், "ஒங்கட ஊட்டுல எண்ணெய்க்கு என்ன பஞ்சம்?" என்று கேட்டான். வெறும் போத்தலோடு திரும்பி வந்தாள். வேறு எந்த முதலாளியும் எனக்குக் கார் தரவில்லை. துறையில் மூட்டை சுமந்தேன்.

நீ எஞ்சினைக் கழற்றினாய். பெயரிங் எல்லாம் மாற்றினாய். ஒரு மாதம் கழித்துக் கார் வந்தது. மறுநாள் காலை முதலாளியின் வீட்டைக் கடந்து போகும்போது கேட்டேன். அதே சத்தம். "புதுப் பெயரிங், பழகிற வரைக்கும் அப்பிடித்தான்" என்று அவருக்குச் சொல்லியிருந்தாயாம். வெட்கம் கெட்டவன்.

அப்படியானால் கோளாறு பெயரிங்கில் இல்லை. மூதூர்க்காரன் ஒருவனிடம் அதே மாதிரிக் கார் இருந்தது. பாதைக்காக அரைநாள் காத்து நின்றபிறகும் அது சத்தமில்லாமல் ஸ்டார்ட் ஆனது. அவனுடைய பில்டரைக் கழற்றிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"ஒன்னக் கண்டா எண்ணெய ஒளிக்கச் சொல்றாங்க மச்சான்" என்று சொல்லிக்கொண்டே ஸ்பானரைக் கொடுத்தான். ஒரே ஒரு போல்ட். பில்டருக்கு அடியில் உள்ளங்கை அளவில் ஒரு கறுப்பு ரப்பர் வட்டு இருந்தது. எஞ்சின் நின்றபின் எண்ணெய் வடிந்து கீழே இறங்காமல் தடுப்பது அதுதான். அது இல்லாவிட்டால், பம்ப் மறுபடி எண்ணெயை ஏற்றும்வரை எஞ்சின் காய்ந்துபோய் அடிக்கும்.

நேரே முதலாளியின் வீட்டுக்குப் போனேன். கெஞ்சித்தான் பில்டரைத் திறக்கச் சம்மதம் வாங்கினேன். வட்டு இல்லை. உன்னைத் தவிர வேறு யாரும் அதைத் திறந்ததில்லை. பழைய டியூப்பில் ஒரு வட்டு வெட்டிப் போட்டேன். டியூப் ரப்பர் எண்ணெயில் ஊதிப்போகும், ஆனால் காட்டுவதற்குப் போதும். விடிந்ததும் முதலாளியே திறப்பைத் திருப்பினார். எண்ணெய் லைட் உடனே அணைந்தது. சத்தம் இல்லை.

நான் காத்து நின்றேன். அவர் திறப்பை மருமகனிடம் கொடுத்தார்.

"எண்ணெய் வித்தான் எண்டு பாதையில வச்சுச் சொன்னாங்களே, முதலாளி."

"நானா சொன்னேன்? பாஸ்தானே சொன்னாரு. சத்தம் நிண்டிட்டு, இனி என்ன?"

உன்னிடமும் வந்தேன். "சின்னச் சாமான், எங்கயாவது விழுந்திருக்கும்" என்றாய். சத்தம் தொடங்குவதற்கு முன் நீ சேர்விஸ் செய்த அந்த வாரம், இதே மாதிரிக் கார் இன்னொன்று உன் கராஜில் நின்றது. பெரிய டாக்டரின் கார். பில்டரைக் கழற்றிப் போட்டிருந்தாய். நான் பார்த்தேன்.

இப்போது நீ டிரைவர்மார் சங்கத்தின் தலைவர். கூட்டத்தில் மைக் பிடித்து நேர்மை பற்றிப் பேசுகிறாய். அடுத்த கூட்டத்துக்கு நான் வருவேன். தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை போடாதே. எல்லா டிரைவர்மாரும் இருக்கும்போது, அந்த மைக்கிலேயே சொல்: என் காரின் வட்டை நீ எந்தக் காருக்குப் போட்டாய்?