மூணு சாவி மேடம்

என் அக்கா கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி ஆராய்ச்சி செய்தாள். அவள் துறையில் புத்தகங்கள் நாட்டுவாரியாகப் பூட்டிய அலமாரிகளில் இருக்கும். ஒவ்வொன்றின் சாவியும் ஒவ்வொரு பேராசிரியரிடம். அக்காவுக்கோ பிரான்ஸ், ஆப்பிரிக்கா, கரீபியத் தீவுகள் மூன்றும் வேண்டும். ஒருவர் வந்தால் இன்னொருவர் விடுப்பில் இருப்பார். நூலக உதவியாளர் அவளுக்கு ‘மூணு சாவி மேடம்’ என்றே பேர் வைத்துவிட்டார். அவளுக்கு முட்டி வலி. அதனால் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு, அந்த வராந்தா பெஞ்சில்தான் வரலாறு காதில் விழுந்தது.

பிரான்ஸின் கதை பிரான்ஸுக்குள்ளேயே முடிவதில்லை என்பாள் அக்கா. பிரான்ஸ் ஆண்ட கரீபியக் கரும்புத் தீவில் அடிமைகள் எழுந்தார்கள், தோட்டங்கள் எரிந்தன. அதற்குப் பிறகுதான் பாரிஸின் புரட்சிச் சபை அடிமைமுறையை ஒழித்தது.

மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டில் ஒரு பேராசிரியரின் கையெழுத்து வாங்காவிட்டால் ஆராய்ச்சிப் பதிவு ரத்து. இத்தனை வருட உழைப்பும் வீண். பிரான்ஸ் பேராசிரியர், இது கரீபியத் தீவுப் பேராசிரியரின் அலமாரிச் சரக்கு என்றார். தீவுக்காரர், பாரிஸை என் தலையில் கட்டாதீர்கள் என்று நழுவினார். கடைசியில் பிரான்ஸ் பேராசிரியர்தான் இறங்கி வந்தார்: தீவு அத்தியாயத்தை எடுத்துவிட்டால் கையெழுத்துப் போடுவாராம்.

அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்தத் தாள்களை உருவினாள். தூக்கிப் போடவா என்று கேட்டேன்.

“பையிலயே கிடக்கட்டும். யோசிக்கக்கூடத் தெம்பில்லடி.”

அடுத்த வாரம், மீதியைப் படித்துவிட்டுப் பேராசிரியர் கூப்பிட்டார். நான் பையோடு வெளியே பெஞ்சில் இருந்தேன்; கதவு திறந்தே இருந்தது. எல்லாம் பிரமாதமாம், ஒரே ஒரு குறைதானாம்.

“பாரிஸ் சபை திடீர்னு அடிமைமுறையை ஒழிச்சுடுதேம்மா. காரணம் எங்க?”

அக்கா கதவுப் பக்கம் கையைக் காட்டினாள்.

“நீங்க எடுக்கச் சொன்னதுல இருக்கு சார். வெளிய என் தங்கச்சி மடியில இருக்கு.”

நான் போய்த் தாள்களை வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். பிறகு நாங்கள் நிற்க நிற்கவே படித்தார். பேனாவைத் திறந்தார். தாள்களை இருந்த இடத்திலேயே சேர்த்துவிடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஆய்வேட்டை எந்த அலமாரியில் வைப்பது என்று உதவியாளர் கேட்டார்.

“உங்க மேசையிலயே இருக்கட்டும்ணே. இன்னொரு சாவிக்கு என்னால அலைய முடியாது.”

பேருந்தில் உட்கார்ந்ததும் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எங்கள் நிறுத்தம் தாண்டியது. நான் எழுப்பவில்லை.